ரிஷிமூலம், மதுமூலம்!

ஒரே ஒரு ஒயின் பாட்டிலால் ஒரு முதலமைச்சரின் நாற்காலி போன கதை தெரியுமா உங்களுக்கு?

நடந்தது ஆஸ்திரேலியாவில், 2014 ஏப்ரலில். சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முதல்வர் பேரி ஓஃபாரல், ஊழல் தடுப்பு ஆணையத்தின் முன்னால் சாட்சி சொல்ல வந்தார். "2011 தேர்தலில் நீங்கள் ஜெயித்த சூட்டோடு ஒரு தொழிலதிபர் விலை உயர்ந்த ஒயின் பாட்டில் அனுப்பினாராமே, அதைக் கணக்கில் காட்டவில்லையே?" என்பது கேள்வியின் சாரம். அப்படி ஒரு பாட்டில் வந்ததாக ஞாபகமே இல்லை என்றார் முதல்வர். மறுநாள் காலை ஒரு துண்டுக் கடிதம் வெளியே வந்தது. அந்த பாட்டிலுக்கு நன்றி சொல்லி முதல்வரே தன் கைப்பட எழுதிய கடிதம்!

அவ்வளவுதான். அன்றே ராஜினாமா அறிவிப்பு. ஆணையத்தை ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்று பிற்பாடு ஆணையமே சொல்லிவிட்டது. ஆனாலும் போன பதவி போனதுதான். (இதே ஓஃபாரல்தான் 2020 முதல் 2023 வரை இந்தியாவுக்கான ஆஸ்திரேலிய ஹைகமிஷனராக டெல்லியில் இருந்தவர்.)

அந்த பாட்டிலின் விலை சுமார் 3,000 ஆஸ்திரேலிய டாலர். பெயர், பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச். தயாரான வருஷம் 1959. அது முதல்வர் பிறந்த வருஷமும்கூட. மூலப்பொருள், ஷிராஸ் என்கிற கருந்திராட்சை.

1959 என்ற எண்ணை ஒரு ஓரமாக முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி நிர்வாகத்தின் உத்தரவுப்படி நடந்திருந்தால், அந்த வருஷத்து கிரேஞ்ச் என்று ஒரு சரக்கு உலகத்தில் இருந்திருக்கவே முடியாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. யாரையும் குடிக்கச் சொல்லி இந்தக் கட்டுரையை எழுதவில்லை. மது உடம்புக்கும் குடும்பத்துக்கும் என்ன செய்யும் என்பது நம் ஊர்ப் பெண்களுக்கு நன்றாகவே தெரியும். இது ஒரு கொடியின் கதை. அதைக் கிளாஸில் ஊற்றாமலேயே ரசிக்கலாம்.

*

ஒயின்காரர்களின் வாயில் 'ஃபுல் பாடி' என்ற வார்த்தை அடிக்கடி வரும். ஷிராஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதல் வரியிலேயே வந்துவிடும். அப்படீன்னா என்ன?

தண்ணீர் கலந்த பாலை ஒரு வாய் குடியுங்கள். அடுத்து, கண்ணெதிரே கறந்த பாலை ஒரு வாய். இரண்டும் பால்தான். ஆனால் இரண்டாவது பால் நாக்கின் மேல் கனமாக உட்காரும், இல்லையா? அந்தக் கனத்துக்குத்தான் 'பாடி' என்று பெயர்.

ஷிராஸுக்கு அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது? வெயிலில் நன்றாகப் பழுத்த பழத்தில் சர்க்கரை அதிகம். சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாக மாறுகிறது. ஆஸ்திரேலிய ஷிராஸில் அது 14, 15 சதவிகிதம் வரை போகும். மீதிக்குத் தோல்தான் காரணம். கறுப்புத் திராட்சையைப் பிழிந்தாலும் சாறு ஏறக்குறைய வெளுப்பாகத்தான் வரும். சிவப்பு மொத்தமும் தோலில் இருக்கிறது. சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்து ஊறவிட்டால்தான் நிறம் இறங்கும். கூடவே துவர்ப்பும் இறங்கும். நெடுநேரம் கொதித்த டீயைக் குடித்தாலும், பாக்கைக் கடித்தாலும் வாய் உலர்ந்து உள்ளே இழுக்குமே, அந்தத் துவர்ப்பு. ஆங்கிலத்தில் டானின் என்பார்கள். ஷிராஸின் தோலில் நிறம், துவர்ப்பு இரண்டுமே தாராளம். நாவல் பழம் தின்றவன் நாக்கு மாதிரி ஊதாவும் கறுப்புமாக இருக்கும் அந்த ஒயின்.

இன்னொரு அடையாளமும் உண்டு. மிளகு வாசனை!

'யாராவது மிளகைத் தட்டிப் போட்டுவிட்டார்களா?' என்று சந்தேகம் வருகிற அளவுக்குச் சில ஷிராஸ்களில் அந்த வாசனை தூக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் துருவிப் பார்த்தார்கள். 2008-இல் விடையை வெளியிட்டார்கள். ரோட்டண்டோன் என்கிற ஒரு வேதிப்பொருள். வேடிக்கை என்னவென்றால், நம் ரசத்தில் விழுகிற மிளகுக்கு வாசனை கொடுப்பதும் இதே ரோட்டண்டோன்தான். கொடி வேறு, குடும்பம் வேறு, கண்டம் வேறு... வாசனை மட்டும் ஒன்று! ஒரு லிட்டர் ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடுமாம். ஒரு கிராமை நூறு கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். இருந்தும், ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனையே தெரியாது என்பதையும் அதே ஆராய்ச்சி கண்டுபிடித்தது.

குளிர்ச்சியான இடத்தில் விளைந்த ஷிராஸில் மிளகு தூக்கல். வெயில் காய்கிற இடத்தில் விளைந்ததில் பிளம் பழமும் சாக்லேட்டும் கலந்த மாதிரி ஒரு வாசனை. ஒரே கொடி, மண்ணுக்கும் வெயிலுக்கும் தகுந்தபடி குணம் மாறுகிறது.

*

சரி, குணம் பார்த்தாயிற்று. குலம்?

ஷிராஸ் என்பது ஈரானில் உள்ள ஒரு நகரம். பாரசீகக் கவிகளில் தலையாயவரான ஹாஃபிஸ் 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து மறைந்த ஊர். அவர் கவிதைகளில் மதுவும் மதுக்கடையும் வராத பக்கம் குறைவு. ஊருக்கும் ஒயினுக்கும் நிஜமாகவே உறவு இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் டவர்னியே போன்ற ஐரோப்பியப் பயணிகள் ஷிராஸ் ஒயினைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பாரசீக வளைகுடா வழியாகக் கப்பல் ஏறி அது இந்தியாவுக்கும் வந்தது. சூரத்தில் கடை போட்டிருந்த ஆங்கிலேய வியாபாரிகளின் சாப்பாட்டு மேஜையில் அதற்கு இடம் இருந்தது.

அப்படியானால் இன்றைய ஷிராஸ் திராட்சை அந்த ஊரிலிருந்து வந்ததுதானே?

அப்படித்தான் ஒரு ஸ்தல புராணம் சொல்கிறது.

பிரான்ஸின் தென்கிழக்கில் ரோன் என்று ஒரு நதி ஓடுகிறது. அதன் கரையில் ஒரு குன்று. மொத்தப் பரப்பு 350 ஏக்கருக்கும் குறைவு. 1224-ஆம் ஆண்டு வாக்கில், சண்டை போட்டு அலுத்துப்போன காஸ்பார் த ஸ்டெரிம்பெர்க் என்கிற போர்வீரர் அங்கே வந்தார். வாளை வீசி எறிந்தார். குன்றின் உச்சியில் குடிசை போட்டுத் துறவியாகிவிட்டார். பிரார்த்தனை போக மீதி நேரத்தில் திராட்சை பயிரிட்டார். துறவி வாழ்ந்த இடம் என்பதால் குன்றுக்கு 'ஹெர்மிடேஜ்' என்று பெயர். நம் பாஷையில் சொன்னால் ஆசிரமக் குன்று. சிலுவைப் போருக்குப் போன அவர் பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்திலிருந்து கொண்டுவந்த கொடிதான் அங்கே 'சிரா' என்ற பெயரில் வளர்ந்தது என்கிறது கதை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சின்ன இடறல். அவர் போனதாகச் சொல்லப்படும் சிலுவைப் போர் கிழக்கே ஜெருசலேம் பக்கம் நடந்ததே அல்ல. தெற்கு பிரான்ஸிலேயே, கதார் என்கிற கிறிஸ்தவப் பிரிவினரை எதிர்த்து நடந்த போர் அது. உள்ளூர்ச் சண்டைக்குப் போனவர் பாரசீகத்திலிருந்து கொடி கொண்டுவந்தது எப்படி?

இன்னொரு புராணமும் உண்டு. சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகரத்திலிருந்து புரோபஸ் என்கிற ரோமானியப் பேரரசர் 3-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தாராம். சிரக்யூஸ், சிரா... பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

'ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக் கூடாது' என்பார்கள் நம் பெரியவர்கள். இங்கே ரிஷியும் இருக்கிறார், நதியும் இருக்கிறது. ஆனால் விஞ்ஞானிகளுக்கு நம் பழமொழி தெரியாதே! பார்த்துவிட்டார்கள்.

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரடித் என்கிற பெண் விஞ்ஞானி. பிரான்ஸின் மான்பெலியே நகரத்தில் ழான் மிஷெல் பூர்சிகோ என்கிற திராட்சை நிபுணர். 1998-இல் இரண்டு தரப்பும் சேர்ந்து சிராவின் மரபணுவை மற்ற திராட்சை ரகங்களோடு ஒப்பிட்டார்கள். கோர்ட்டில் 'இது யார் பிள்ளை' என்று கேட்டால் செய்வார்களே, அதே டெஸ்ட்தான். பாதி அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டும், பாதி அப்பாவிடமிருந்து.

ரிசல்ட் வந்தது. அப்பா, துரேஸா. பிரான்ஸின் ஆர்தெஷ் பகுதியைச் சேர்ந்த கறுப்புத் திராட்சை. அம்மா, மாந்தூஸ் பிளான்ஷ். ஆல்ப்ஸ் மலை ஓரத்து சவாய் பகுதியைச் சேர்ந்த வெள்ளைத் திராட்சை! இரண்டுமே ரோன் நதியைச் சுற்றியுள்ள வட்டாரத்தில்தான் இருந்தன. இரண்டுமே யாரும் பெரிதாகச் சீண்டாத ரகங்கள். ஏறக்குறைய மறைந்தே போன நிலை. எப்போதோ, எந்தத் தோட்டத்திலோ, இவரின் மகரந்தம் அவரின் பூவில் விழுந்திருக்கிறது. வெள்ளை அம்மாவுக்கு இப்படி ஒரு கன்னங்கரேல் பிள்ளை!

ஆக, ரிஷியும் கொண்டுவரவில்லை, பேரரசரும் கொண்டுவரவில்லை. பாரசீகம் பிறந்த வீடும் இல்லை. பக்கத்துப் பக்கத்துச் சீமையைச் சேர்ந்த இரண்டு ஏழைகளுக்குப் பிறந்த பிள்ளைதான் இந்த ராஜா.

ஷிராஸ் நகரத்து அசல் ஒயின் என்ன ஆயிற்று? பயணிகளின் குறிப்புகளில் தென்படுவது பெரும்பாலும் வெள்ளை ஒயின். இந்தக் கறுப்பு ஒயினுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. 1979-இல் ஈரானில் இஸ்லாமியப் புரட்சி வந்தது. மது தடை செய்யப்பட்டது. ஆலைகள் மூடப்பட்டன. பெயருக்குச் சொந்தமான ஊரில் இன்று கடையில் ஒயின் விற்க முடியாது.

*

பிரான்ஸில் 'சிரா'வாக இருந்தது எங்கே, எப்போது 'ஷிராஸ்' ஆயிற்று?

ஜேம்ஸ் பஸ்பி என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1824-இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனவர். அந்தக் காலனியில் அப்போது ரம்தான் ராஜா. அதற்குப் பதிலாக மிதமான ஒயினைப் பழக்கினால் ஜனங்கள் திருந்துவார்கள் என்று நினைத்தார் மனிதர். 1831-இல் ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் தோட்டம் தோட்டமாக அலைந்தார். மான்பெலியே தாவரவியல் தோட்டத்திலிருந்து மட்டும் 400-க்கும் மேற்பட்ட ரகங்களின் கொடித்துண்டுகளைச் சேகரித்தார். ஹெர்மிடேஜ் குன்றுக்கும் போனார். உள்ளூர்க்காரர்கள் அந்தப் பாரசீகக் கதையைச் சொன்னார்கள். அதை அப்படியே தன் குறிப்பில் எழுதிக்கொண்டார். கொடித்துண்டுகள் கப்பல் ஏறி, 1832-இல் சிட்னியில் வேர் பிடித்தன. கொடியோடு கதையும் போயிற்று. 'சிராஸ்' என்று அவர் பட்டியலில் இருந்த பெயர் நாளடைவில் 'ஷிராஸ்' ஆகிவிட்டது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்குப் பக்கத்தில் பாரோஸா என்று ஒரு பள்ளத்தாக்கு. 1842 முதல் அங்கே ஜெர்மன்காரர்கள் குடியேறினார்கள். பிரஷ்ய மன்னர் கொண்டுவந்த புது வழிபாட்டு முறையை ஏற்க மறுத்து, மதத்துக்காக நாட்டை விட்டு வந்த லூத்தரன்கள். பிழைப்புக்கு ஷிராஸ் நட்டார்கள். 1843-இல் நட்ட ஒரு தோட்டம் இன்றும் காய்க்கிறது!

அது ஏன் பெரிய விஷயம்? 1860-களில் ஃபைலோக்ஸெரா என்கிற பொடிப் பூச்சி, அமெரிக்காவிலிருந்து பிரான்ஸுக்குள் நுழைந்து திராட்சையின் வேரை உறிஞ்ச ஆரம்பித்தது. ஐரோப்பாவின் பெரும்பாலான தோட்டங்கள் நாசம். கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப் போட்டுத்தான் பிழைக்க முடிந்தது. 1877-இல் அந்தப் பூச்சி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கும் வந்துவிட்டது. தெற்கு ஆஸ்திரேலியா மட்டும் உஷாரானது. 1899-இல் இதற்கென்றே சட்டம் போட்டுக் காவல் காத்தது. அதனால்தான் சிரா பிறந்த மண்ணில்கூடக் காண அரிதான, சொந்த வேரில் நிற்கிற கிழட்டுக் கொடிகள் பாரோஸாவில் இருக்கின்றன.

*

இப்போது அந்த 1959-ஐ எடுங்கள்.

மேக்ஸ் ஷூபர்ட், பாரோஸா பகுதியின் ஜெர்மன் குடும்பத்துப் பையன். 1931-இல் பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். படிப்படியாக ஏறித் தலைமை ஒயின் தயாரிப்பாளர் ஆனார். 1950-இல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பிரான்ஸின் போர்தோவில் 40, 50 வருஷம் பழகிய ஒயின்களைச் சுவைத்தார். நம் ஊரிலும் இப்படி ஒன்று செய்தால் என்ன? போர்தோவின் கேபர்னே திராட்சை ஆஸ்திரேலியாவில் போதுமான அளவு கிடைக்காது. மலிவாக, ஏராளமாகக் கிடைத்தது ஷிராஸ். 1951-இல் அதை வைத்து முதல் கிரேஞ்ச் சோதனை.

சில வருஷம் கழித்து சிட்னி தலைமை அலுவலகத்தில் பெரிய மனிதர்களைக் கூட்டிச் சுவைக்கக் கொடுத்தார்கள். கேலிதான் மிச்சம். துவர்ப்பு அடங்கப் பல வருஷம் பிடிக்கும் ஒயின் அது. ஆவக்காய் போட்ட மறுநாளே ஜாடியைத் திறந்து தீர்ப்பு எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஆயிற்று. 1957-இல் உத்தரவு வந்தது: கிரேஞ்ச் தயாரிப்பை நிறுத்து!

ஷூபர்ட் நிறுத்தவில்லை. தலைமை அலுவலகம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அடிலெய்டின் மகில் நிலவறையில் சத்தமில்லாமல் வேலை நடந்தது. புது ஓக் பீப்பாய் வேண்டுமென்றால் பணம் கேட்க வேண்டும், கேட்டால் மாட்டிக்கொள்வார். எனவே பழைய பீப்பாய்களையே பயன்படுத்தினார். 1957, 1958, 1959... மூன்று வருஷம் ஒளித்து வைத்துச் செய்தார். அதற்குள் பழைய பாட்டில்கள் முதிர்ந்து, சுவைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1960-இல் அதே நிர்வாகம், மறுபடி ஆரம்பி என்றது. முதல்வரின் பதவியை வாங்கிய பாட்டில், அந்தத் தலைமறைவுக் காலத்தின் கடைசிப் பிள்ளை!

விற்பனைக்கே வராத அந்த 1951 சோதனை கிரேஞ்சில் ஒரு பாட்டில், 2021-இல் ஏலத்தில் ஒன்றரை லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போயிற்று.

ஒரு ஒயின் புகழ் பெற்றால் அதன் கொடிகள் எல்லாம் பிழைத்துவிடும் என்று நினைப்பீர்கள். இல்லை. 1970-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியர்களின் மோகம் வெள்ளை ஒயின் பக்கம் திரும்பியது. ஷிராஸ் வாங்க ஆள் இல்லை. பாரோஸாவில் பீட்டர் லேமன் என்பவர் ஒரு கம்பெனிக்காக விவசாயிகளிடம் திராட்சை கொள்முதல் செய்துகொண்டிருந்தார். ஒப்பந்தப் பத்திரம் எதுவும் கிடையாது, கை குலுக்கினால் பேச்சு முடிந்தது. 'இனி வாங்காதே' என்றது மேலிடம். கொடுத்த வாக்கை மீற மனசு வரவில்லை அவருக்கு. 1979-இல் கடனை உடனை வாங்கித் தனிக் கம்பெனி ஆரம்பித்தார். ஒரு அமெரிக்கக் கதையில் வரும் சூதாடியின் பெயரை, மாஸ்டர்சன் என்று, அதற்கு வைத்தார். சூதாட்டம்தான் என்று அவருக்கே தெரிந்திருந்தது! பல குடும்பங்கள் நிலத்தை விற்காமல் தப்பித்தன.

ஆனால் லேமன் ஒருவரால் எத்தனை பேரைத் தாங்க முடியும்? 1980-களின் நடுவில் அரசாங்கமே, திராட்சைக் கொடியைப் பிடுங்கி எறிந்தால் ஏக்கர் கணக்கில் பணம் என்று திட்டம் போட்டது. நூறு வயது ஷிராஸ் கொடிகளும் டிராக்டருக்கு பலியாயின. பிடுங்கிய விவசாயியைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு வங்கியில் கடன், வீட்டில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம்.

பி.காம். படித்தபோது எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் நடத்தினார்கள். மேஜை, நாற்காலி, லாரி என்று எந்தச் சொத்தாக இருந்தாலும் வருஷத்துக்கு இவ்வளவு என்று மதிப்பைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் பூஜ்யம். அந்தக் கணக்கு கிழட்டுக் கொடிக்குப் பொருந்தாது. வயதானால் காய்ப்பு குறையும், உண்மைதான். ஆனால் காய்க்கிற கொஞ்சத்தில் சாரம் கூடும். பேரேட்டில் காய்ப்பை எழுத ஒரு பத்தி இருந்தது, சாரத்தை எழுதப் பத்தி இல்லை. பிடுங்கிச் சில வருஷத்துக்குள்ளேயே உலகம் பாரோஸா ஷிராஸைத் தேட ஆரம்பித்தது. நூறு வயதுக் கொடி வேண்டும் என்றால் நட்டுவிட்டு நூறு வருஷம் காத்திருக்க வேண்டும். செக் எழுதி வாங்க முடியாது.

2009-இல் பாரோஸாக்காரர்கள் தங்கள் கொடிகளுக்கு வயது வாரியாகப் பட்டம் கொடுத்தார்கள். 35 தாண்டினால் 'பழைய கொடி'. 70 தாண்டினால் 'தப்பிப் பிழைத்தது'. 100 தாண்டினால் 'நூற்றாண்டு'. 125 தாண்டினால் 'மூதாதை'. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று பதிவேடு இருக்கிறது.

கதை முடியவில்லை. 2020 நவம்பரில் சீனா ஆஸ்திரேலிய ஒயின் மீது கடும் வரி போட்டது. 2024 மார்ச்சில் எடுத்தது. இடையில் சிவப்பு ஒயின் தேங்கி, விலை விழுந்தது. உள்நாட்டுச் சமவெளிகளில் மறுபடியும் கொடிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். இந்த முறை போனதில் பெரும்பாலானவை மலிவு ஒயினுக்காக ஏராளமாக நட்ட கொடிகள்தான், மூதாதைகள் அல்ல.

ஆனால் 1843-இல் நட்ட அந்த மூதாதையும், நட்ட அன்று ஒரு சாதாரணக் குச்சிதானே?